அங்கீகரிக்கப்பட்ட குப்பைமேடு

செடியின் பெயர் வெறும் பெயரல்ல. அது அந்தச் செடியின் முகவரி. எங்கே பிறந்தது, எந்த மண்ணில் வேர்விட்டது, எந்த நீரைக் குடித்து வளர்ந்தது என்பதையெல்லாம் ஒற்றைச் சொல்லில் அடக்கி, மனித இனம் இயற்கையின் காலடியில் வைத்த காணிக்கைதான் பெயர்.

தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் இப்படிச் சொல்லி நிறுத்தியபோது கூட்டத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. ஊழியர் கழிப்பறையில் குழாய் ஒழுகுகிறதே, அதை எப்போது சரிசெய்வது என்று பேசுவதற்காகக் கூட்டிய கூட்டம் அது. குழாய் கடைசிவரை பேச்சுக்கு வரவில்லை. இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

கண்காணிப்பாளருக்குப் பூங்காவுக்குள் ‘பலகை’ என்று பட்டப்பெயர். அவர் காதில் விழாத தூரத்தில் மட்டும் புழங்கிய பெயர். காரணம் இல்லாமல் இல்லை. எதைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு பலகையை அடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கல் பெஞ்சில் ‘இருக்கை’ என்று ஒரு பலகை. நடைபாதையில் ‘நடைபாதை’ என்று ஒரு பலகை. அவர் அறைக்கு வெளியே அவருடைய பெயரும், அதன் பின்னால் ரயில்பெட்டிகள் மாதிரி அவருடைய பட்டங்களும். கதவில் தொடங்கிய பட்டங்களில் கடைசி இரண்டும் இடம் போதாமல் பக்கத்துச் சுவருக்குத் தாவியிருந்தன.

அந்த அறை உண்மையில் இயக்குநரின் அறை. பழைய இயக்குநர் ஓய்வு பெற்றுப் போனதும், ‘பொறுப்பு’ என்ற பெயரில் கண்காணிப்பாளர் அதில் வந்து உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது, பதவி இல்லை. மாப்பிள்ளை இல்லாத கல்யாண வீட்டில் மாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி நாள் போய்க்கொண்டிருந்தது.

இதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், வயதில் சின்னவர், நகரத் துப்புரவுத் துறையில் இருப்பவர். அவர் அங்கே தலைமை அதிகாரி ஆகிவிட்டார். டிரைவரோடு கார் வந்துவிட்டது. மாமனார் வீட்டுக் கூடத்தில், மூத்த மாப்பிள்ளைக்கென்று போட்டிருந்த சாய்வு நாற்காலியில் இப்போது சின்ன மாப்பிள்ளை சாய்கிறார். எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. போன தடவை மாமனாரே ஒரு தலையணையை எடுத்து அவர் முதுகுக்குக் கொடுத்தார்.

“குப்பை அள்றவனுக்குத் தலையணை,” என்று அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் கண்காணிப்பாளர் புலம்பினார்.

“அவர் அள்றதில்லீங்க. அள்றவங்களுக்குத் தலைவர்,” என்றாள் மனைவி. “நீங்களும் தலைவர் ஆகுங்க. நான் ரெண்டு தலையணை வைக்கிறேன்.”

ஆவதற்கு வழி ஒன்று வந்தது. அதன் பெயர் ‘வாழிடப் பூங்கா’. காட்டுச் செடிகள் எங்கே வளர்கின்றனவோ அந்த இடத்தை வைத்துத்தான் ஜனங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள்; ஆகவே பெயர் எதைச் சொல்கிறதோ அந்த இடத்தைப் பூங்காவுக்குள் உண்டாக்கி, அதில் அந்தச் செடியை வளர்த்துக் காட்டுவது. திட்டத்தை எழுதியவர் கண்காணிப்பாளர். தலைமை அலுவலகம் படித்துவிட்டுச் சொக்கிப்போனது. ஆய்வாளர் வந்து பார்த்து எல்லாப் பாத்தியும் தேறினால் கண்காணிப்பாளர்தான் இயக்குநர் என்று சொல்லியனுப்பியது. ஒரு பாத்தி தேறாவிட்டாலும் இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: செடி தானாக முளைத்திருக்க வேண்டும். நட்டது செல்லாது.

நிபந்தனை அவரை அசைக்கவில்லை. நீர்முள்ளிக்குச் சேற்றுக் குட்டை வெட்டினார், வந்தது. கழிமுள்ளிக்கு உப்புச் சேறு கலக்கினார். அதுவும் மனமிரங்கி வந்தது. காட்டாமணக்குக்குக் காடு வேண்டும். நான்கு மரத்துக்கு நடுவில் ‘காடு’ என்று பலகை வைத்தார், காடாகிவிட்டது. மலைவேம்புக்கு மலை வேண்டும். இடுப்புயரம் மண்ணைக் குவித்து ‘மலை’ என்று பலகை வைத்தார். கரிசலாங்கண்ணிக்கு வண்டி வண்டியாகக் கரிசல் மண் இறக்கினார். அந்தச் செடி கரிசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்து வாய்க்கால் ஓரத்தில் போய்த் தழைத்தது. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ ஒரு கூடைக் கரிசலை வாய்க்கால் கரையில் கொட்டிவிட்டுப் போனதாக மேஸ்திரி சொன்னார். அந்த யாரோ மறுநாள் செருப்பில் கரிசலோடு அலுவலகம் வந்தார்.

பட்டியலில் கடைசியாக ஒன்று மிச்சம். குப்பைமேனி. பெயரிலேயே குப்பையைச் சுமந்துகொண்டு திரியும் செடி. ‘மனிதன் உண்டாக்கிய வாழிடம்’ என்று அவர் எழுதிய அந்த ஒரு வரியில்தான் தலைமை அலுவலகம் விழுந்தே போனது. சிக்கல் என்னவென்றால், பூங்காவில் குப்பை இல்லை. எத்தனையோ வருடமாக அதை இல்லாமல் வைத்திருந்தவரும் அவர்தான்.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தார்.

“சகலை, ஒரு வண்டி குப்பை வேணும்.”

“அண்ணே, நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து குப்பையை எடுத்துட்டுப் போன்னு கூப்பிட்டவங்க உண்டு, ஏன் எடுக்கலேன்னு திட்டினவங்க உண்டு. கொண்டுவான்னு கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான்.”

“ஆராய்ச்சிக்குப்பா.”

“எந்த ரகம் வேணும்? ஓட்டலா, காய்கறிச் சந்தையா, அடுக்குமாடியா?”

“கௌரவமான குப்பையா இருக்கட்டும். பார்க்க வர்றவங்க பெரிய இடம்.”

“அப்போ அதிகாரிங்க குடியிருப்புக் குப்பைதான் சரி. உங்க வீட்டுதும் அதுல வரும். பார்த்துப் பிரிங்க.”

வண்டி வந்தது. கண்காணிப்பாளர் மூக்கில் கைக்குட்டையோடு நின்று இறக்கச் சொன்னார். குவியலின் உச்சியில், தேடித் தேடி யாரோ எடுத்து வைத்தது மாதிரி, அவர் வாரம் தவறாமல் தலைக்குப் பூசும் கறுப்புச் சாயத்தின் டப்பா உட்கார்ந்திருந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். பிறகு கண்காணிப்பாளரின் தலையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, “மழை வரும்போல,” என்றார்.

குப்பை வந்தாகிவிட்டது, ஆனால் அது இருந்த கோலம் அவருக்குப் பிடிக்கவில்லை. வருகிறவர் பெரிய அதிகாரி. மீன்முள் வேண்டாம். நாற்றமடிக்கிற எதுவும் வேண்டாம். முட்டை ஓடு இருக்கலாம், கழுவிப் போட வேண்டும். காகிதம் இருக்கலாம், எழுத்துப்பிழை இல்லாத காகிதமாகப் பார்த்து. இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு வண்டி நான்கு கூடையாகச் சுருங்கியது. அந்த நான்கு கூடையையும் வறுக்கச் சொன்னார்.

மேஸ்திரி தன் காதைச் சந்தேகப்பட்டார். “எதை சார்?”

“குப்பையை.”

“குப்பையை வறுக்கணுமா சார்?”

“புது விதைப்பாத்திக்கு மண்ணை வறுக்காம விட்டிருக்கியா என்னிக்காவது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

இருந்தது. பூங்காவில் புதுப் பாத்தி போடுவதென்றால், மண்ணைத் தகரத்தில் பரப்பி அடியில் தீ மூட்டி வறுத்துத்தான் கொட்டுவார்கள். மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் களை விதையெல்லாம் செத்துப்போகும். ரோஜாவுக்கும் சாமந்திக்கும் அது நல்ல பழக்கம். களைக்கென்றே போடும் பாத்திக்கு எப்படி என்று கேட்க மேஸ்திரிக்கு வாய் வந்தது. அவருக்கும் குடும்பம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வறுத்தார். நல்ல மணம் வந்தது என்று சொன்னார்கள்.

வறுத்த குப்பையைப் பூங்காவின் நடுவில் வட்டமாகக் குவித்து, சுற்றிக் கம்பிவேலி போட்டு, பித்தளை ஆணியில் பலகை அடித்தார்கள். ‘குப்பைமேடு. மனிதன் உண்டாக்கிய வாழிடம்.’ மறுநாளே நடைபயிற்சிக்கு வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டுக் கையிலிருந்ததை அதில் வீசிவிட்டுப் போனார்கள். பதறிப்போய்ப் பக்கத்திலேயே இன்னொரு பலகை வைக்கப்பட்டது: ‘இங்கே குப்பை போடாதீர்கள்.’ இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு நகர்ந்தார்கள்.

கண்காணிப்பாளர் காத்திருந்தார். காலையில் வந்ததும் முதல் வேலை குப்பையைப் பார்ப்பது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் குப்பையைப் பார்ப்பது. பிரசவ வார்டு வாசலில்கூட மனிதர்கள் இவ்வளவு நடப்பதில்லை. மழையும் பெய்தது. ஊரெல்லாம் பச்சை பிடித்தது. குப்பை மட்டும் வழித்துவிட்ட தலை மாதிரி மொட்டையாகக் கிடந்தது.

ஒருநாள் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தார். வேலிக்கு உள்ளே, குப்பைமேல் குந்தியிருந்தார் களைக்கார அக்கா. பூங்காவில் களையெடுப்பதற்கென்றே இருப்பவர். அவர் கை களையைப் பிடுங்குவதற்கு மூளையின் அனுமதியைக் கேட்பதில்லை. பேசிக்கொண்டே பிடுங்குவார், கொட்டாவி விட்டுக்கொண்டே பிடுங்குவார். பஸ்ஸுக்கு நிற்கும்போது நடைமேடை இடுக்கில் இருப்பதையும் விடமாட்டார்.

“இங்க என்ன செய்யறே?”

“களை எடுக்கறேன் ஐயா.”

“எதுலேருந்து?”

“குப்பையிலேருந்து.”

“கையில என்ன அது?”

அக்கா முஷ்டியைத் திறந்து பெருமையோடு காட்டினார். “குப்பைமேனி. எங்கேருந்துதான் வருதோ, தெனம் நாலு தலை நீட்டுது. நானும் விடறதில்ல. நீங்க இந்த இடத்து மேல உசிரா இருக்கீங்கன்னு காலையில முதல்ல இங்கதான் வர்றேன்.”

கண்காணிப்பாளர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ! அதுக்குத்தானே இத்தனையும்! இது முளைக்கணும்னுதானே இந்தக் குப்பையே!”

அக்கா பலகையைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “களை வளரணும்னு நீங்க சம்பளம் வாங்கறீங்க, களையைப் புடுங்கணும்னு நான் சம்பளம் வாங்கறேன். ரெண்டு பேரும் ஒருநாள் உக்காந்து பேசியிருக்கலாம் ஐயா.”

“இனிமே குப்பைமேனி மேல கை வைக்கக் கூடாது!”

“இங்க மட்டுமா, எங்கேயுமேவா?”

“எங்கேயுமே!” கண்காணிப்பாளருக்குக் கோபத்தில் குரல் கீச்சிட்டது. “எங்க பார்த்தாலும், எவ்வளவு பார்த்தாலும், கை வைக்கக் கூடாது. இது உத்தரவு!”

“சரிங்கய்யா,” என்று அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். “மேஸ்திரிகிட்டயும் சொல்லிடறேன். அப்புறம் நான் சோம்பேறின்னு ஆயிடக் கூடாது பாருங்க.”

உத்தரவு அப்படியே நிறைவேறியது. ஆனால் குப்பைமேட்டில் அதற்குப் பிறகு ஒன்றுகூட முளைக்கவில்லை. காற்றில் வந்து விழுந்த சொற்ப விதையையும் அக்கா முளைக்க முளைக்கத் தீர்த்துவிட்டிருந்தார். உள்ளே இருந்திருக்க வேண்டியவை தகரத்தில் எப்போதோ வறுபட்டுவிட்டன.

முளைத்தது வேறு இடத்தில். பிடுங்கிய களையை அக்கா கூடையில் கொண்டுபோய், தள்ளுவண்டி வரும்வரை அலுவலக வாசற்படி ஓரமாகக் கொட்டி வைப்பார். நிழலான மூலை, யாரும் மிதிக்காத இடம். அப்படிக் கொட்டியதில் எத்தனை காலத்து விதை உதிர்ந்திருந்ததோ. இத்தனை நாளும் அக்காவின் கைக்குப் பயந்து உள்ளேயே கிடந்தவை, உத்தரவு கேட்டதும் துணிந்து எழுந்தன. படியின் இடுக்கெல்லாம் குப்பைமேனி. கதவு நிலையை ஒட்டிக் குப்பைமேனி. கண்காணிப்பாளரின் கடைசி இரண்டு பட்டங்கள் இருந்த சுவருக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குக் குப்பைமேனி. அவர் தினமும் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, குப்பைமேனி குப்பைமேனின்னு ராத்திரியெல்லாம் தூக்கத்துல புலம்பறீங்க. வாசல்ல காடா கிடக்குதே!”

“அது களை,” என்றார் அவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

“இதே இலைதானே?”

“இலை அதேதான். ஆனா குப்பையில முளைச்சாத்தான் அந்தப் பேருக்கு அர்த்தம். வாசல்ல முளைச்சா வெறும் களை.”

“ஓ. அப்ப உங்க தத்துவப்படி, இது எங்க முளைக்குதோ அது குப்பைன்னு ஆகாதா?”

“உனக்குத் தத்துவம் புரியாது. வீட்டுக்குப் போ.”

“போறேன். தங்கச்சி போன் பண்ணினா. ஆய்வு அன்னிக்கு அவங்களும் வரணுமான்னு கேட்டா.”

“வரச்சொல்லு. சகலை முன்வரிசையில நிக்கட்டும்.”

சொல்லிவிட்டார், சொன்ன பிறகுதான் நாட்களை எண்ணிப் பார்த்தார். ஆய்வாளர் வரும் நாள் கண்ணுக்கெதிரே வந்துவிட்டது. குப்பைமேடு காலி. இயக்குநர் நாற்காலிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பிடி பச்சைதான் குறை.

ஆய்வு நாள் காலையில் மேஸ்திரியைத் தனியாக அழைத்தார். “வாசல்ல இருக்கறதுல நல்லதா ஒரு இருபது செடியைத் தோண்டிக் குப்பைமேட்டுல வெச்சிடு.”

“நட்டது செல்லாதுன்னு சொல்லியிருக்காங்களே சார்?”

“நட்டதுன்னு யாருக்குத் தெரியப்போவுது? செடி வாயைத் திறந்து சொல்லுமா?”

மேஸ்திரி தோண்டினார். அவசரத்தில் பாதி வேர் படியிடுக்கிலேயே அறுந்து நின்றது. கொண்டுபோய்க் குப்பையில் குத்தி, தண்ணீர் தெளித்து, இயற்கையாகத் தெரியட்டும் என்று நாலைந்தைக் கோணலாகவும் சாய்த்து வைத்தார். கண்காணிப்பாளர் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தி. “ஆண்டவனே வந்தாலும் தானா முளைச்சதுன்னுதான் சொல்லுவான்,” என்றார்.

வந்தது ஆண்டவன் இல்லை, ஆய்வாளர். ஒல்லியான அம்மாள், கான்வாஸ் ஷூ, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. அதிகம் பேசவில்லை. நீர்முள்ளியைத் தொட்டுப் பார்த்து முள் குத்தியதும் தலையசைத்தார். வாய்க்கால் ஓரத்துக் கரிசலைக் காலால் கொஞ்சம் கிளறிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் தேறியதாகவே எழுதினார். மலைக்கு வந்ததும் ஏறினார். இரண்டு எட்டில் உச்சிக்குப் போய், இரண்டு எட்டில் அடுத்த பக்கம் இறங்கினார். “காத்து நல்லா இருக்கு,” என்றார். கண்காணிப்பாளர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பின்னாலேயே மனைவி, மனைவியின் தங்கை, சகலை, ஊழியர்கள். சகலை வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். “அண்ணே, என் குப்பையைப் பார்க்கத்தான் வந்தேன். எப்படி இருக்கான் பையன்?” என்று கிசுகிசுத்தார்.

பையன் தனியாக இல்லை. குப்பைமேட்டின் மேல் நான்கு பூனைகள் இருந்தன. ஒன்று மல்லாந்து படுத்துக் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒன்று செடியைக் கட்டிப்பிடித்து வேரை மென்றுகொண்டிருந்தது. மற்ற இரண்டும் சாராயக்கடை வாசலில் நண்பர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, உலகத்தை மன்னித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தன. சுற்றிலும் செடிகள் வேர் மேலாகக் கிடந்தன.

“பூனைகளும் இயற்கையோட ஓர் அங்கம்தானே மேடம்,” என்றார் கண்காணிப்பாளர்.

ஆய்வாளர் குனிந்து ஒரு செடியை இரண்டு விரலால் எடுத்தார். அது ஒரு எதிர்ப்பும் இல்லாமல் வந்தது. “இதோட வேர் அறுந்த வாசனைக்குத்தான் பூனை இப்படிக் கிறங்கும். வேர் மண்ணுக்குள்ள முழுசா இருந்தா, சும்மா தாண்டிப் போயிடும். இன்னிக்குக் காலையில நட்டீங்களா?”

மேஸ்திரி கண்காணிப்பாளரின் காதருகே வந்தார். “இதுக்குப் பூனைவணங்கின்னு இன்னொரு பேர் இருக்கு சார்.”

“இதை இப்பத்தான் சொல்றியா?”

“நீங்க இடத்தை வெச்சு வந்த பேரைத்தானே சார் கேட்டீங்க. இது ஆளை வெச்சு வந்த பேரு.”

சகலை இருமினார். இருமல் கொஞ்சம் நீண்டது. “குப்பை நல்ல குப்பைதான் அண்ணே. கைப்பக்குவம்தான் எங்கேயோ தப்பிடுச்சு.”

“இந்தப் பாத்தி தேறலை,” என்றார் ஆய்வாளர். “உள்ள போய் எழுதிக் கொடுத்துடறேன்.”

கண்காணிப்பாளரின் கண்முன்னே சாய்வு நாற்காலி, தலையணை, டிரைவரோடு கார் எல்லாம் வரிசையாக எழுந்து நடந்து போவது தெரிந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி செய்ய வைத்திருந்ததை முழுங்கிக்கொண்டாள். கூட்டம் சாவு வீட்டுக்குப் போகிற நடையில் அலுவலகம் நோக்கி நகர்ந்தது.

வாசற்படிக்கு முன்னால் ஆய்வாளர் நின்றார். குந்தினார். பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“மன்னிச்சிடுங்க மேடம், களை,” என்று பாய்ந்து வந்தார் கண்காணிப்பாளர். “இன்னிக்கே சுத்தம் பண்ணச் சொல்லிடறேன்.”

“யாராவது நட்டீங்களா?”

“சேச்சே! இதைப் போய் யாரு நடுவாங்க?”

“தண்ணி, உரம்?”

“ஒண்ணும் இல்ல மேடம். அது பாட்டுக்கு வந்து தொலைச்சது.”

“யாரும் பிடுங்கவே இல்லையா?”

“ஐயா கை வைக்கக் கூடாதுன்னுட்டார் மேடம்,” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் களைக்கார அக்கா. “எங்க பார்த்தாலும், எவ்வளவு பார்த்தாலும். உத்தரவு.”

ஆய்வாளர் முதல்முறையாகக் கண்காணிப்பாளரை மரியாதையோடு பார்த்தார். “இவ்வளவு அடர்த்தியா, தானா பெருகினதை நான் வேற எங்கேயும் பார்க்கலை. பூவும் காயும் சேர்ந்தே இருக்கு. இதுதான் பாத்தி. தேறிடுச்சு. அங்க இருக்கற பலகையை மட்டும் பிடுங்கி இங்க அடிச்சிடுங்க.”

“எந்தப் பலகையை மேடம்?”

“குப்பைமேடுன்னு வெச்சிருக்கீங்களே, அதை.”

“மேடம், இது என் அறை வாசல்.”

“உங்க திட்டத்துல நீங்கதானே எழுதியிருக்கீங்க? செடியோட பேர் பொய் சொல்லாது, அது விரும்பி வளர்ற இடம்தான் அதோட பேர்ல இருக்கற இடம்னு. நல்ல வரி. எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்.” ஆய்வாளர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். “பலகை இங்க வர்றதுல உங்களுக்கு மனசில்லைன்னா சொல்லுங்க. தேறலைன்னே எழுதிடறேன். எனக்கு ரெண்டும் ஒரே வேலைதான்.”

எல்லோரும் கண்காணிப்பாளரைப் பார்த்தார்கள். சகலை மட்டும் பார்க்கவில்லை. அவர் வெகு கவனமாகத் தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. மனைவி புருஷனின் கையை மெதுவாகச் சுரண்டினாள். “என்னங்க, விடுங்க. பதவி இல்லாட்டி என்ன? தலையணை நான் வாங்கித் தர்றேன்.”

அவள் பாசமாகத்தான் சொன்னாள். தலையணை என்ற சொல்தான் வேலையைக் கெடுத்தது. கண்காணிப்பாளர் நிமிர்ந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேஸ்திரி, பலகையைக் கொண்டுவா.”

பித்தளை ஆணியோடு பலகை வந்தது. அடிப்பதற்கு இடம் தேடினார்கள். கதவில் இடமில்லை. சுவரில் அவருடைய கடைசிப் பட்டத்துக்கு அடுத்தாற்போல்தான் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது, அங்கேயே அடித்தார்கள். இப்போது இடமிருந்து வலமாக, நிறுத்தாமல் படித்தால், முதலில் அவர் பெயர், பிறகு பட்டங்கள், பிறகு ‘குப்பைமேடு, மனிதன் உண்டாக்கிய வாழிடம்’ என்று ஒரே வாக்கியமாக வந்தது. சகலை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வாழ்த்துகள் அண்ணே,” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். “இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே துறை.”

அந்த வாரமே உத்தரவு வந்தது. அவர் இயக்குநர். மாமனார் வீட்டில் சாய்வு நாற்காலி திரும்பக் கிடைத்தது. மாமனார் கையாலேயே தலையணையும் கிடைத்தது. மனைவி வாக்குத் தவறாமல் இரண்டாவது தலையணையையும் வைத்தாள். அதில் சாய்ந்துகொண்டு, பெயருக்கும் வாழிடத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் இப்போதும் பேசுகிறார். முன்பைவிடச் சுருக்கமாக.

தேறிய பாத்தியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது தலைமை அலுவலகத்தின் விதி. வாசற்படியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள், கதவைத் திறக்க வழியில்லை. இயக்குநர் ஜன்னல் வழியாக உள்ளே போகிறார். ஜன்னல் கொஞ்சம் உயரம் என்பதால் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.